துடைப்பம் ஏந்திய அண்ணல்

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருதல் வேண்டுமென்று நமது சங்கத்தின் செயலாளர் கேட்டபோது நாம் பெரிதும் தயங்கினோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழித்து வரும் நமக்கு, அறிஞர் பலர் எழுதும் மலரில் இடம் ஏது என்பது முதல் தயக்கம். யாரைப் பற்றி எழுதுவது என்பது இரண்டாவது தயக்கம். இறுதியில் அண்ணல் காந்தியடிகளையே எடுத்துக்கொண்டோம். அவரைப் பற்றி எழுதாதவர் யார், புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். உப்புச் சத்தியாக்கிரகத்தையோ வட்டமேசை மாநாட்டையோ நாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் கையில் இராட்டை இருந்ததைப் படங்களில் காண்கிறோம். அதற்கு நெடுங்காலம் முன்பே அவர் கையில் ஏறிய துடைப்பத்தைப் பற்றி மட்டுமே சொல்லப் போகிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. சென்ற ஆண்டு விழாவன்று நமது காலனிப் பூங்காவில் ஷாமியானா கட்டி, சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பரிமாறினோம் அல்லவா? வயிறு நிறைந்தது, பாட்டும் நாடகமும் சிறந்தன. மறுநாட்காலை எச்சில் தட்டுகளும் காகிதக் குவளைகளும் காற்றில் பறந்து எதிர் பிளாக்கின் வாயில்களில் போய்க் குவிந்தன. தெருநாய்களும் மாடுகளும் எஞ்சியதைச் செய்தன. பஞ்சாபி, வங்காளி, கடுவாலி அன்பர்கள் வந்து கேட்டார்கள். சற்றுக் கடுமையாகவே கேட்டார்கள். நம்மவருள் இருவர், அவர்கள் வீட்டுத் திருமண ஊர்வலத்தின் வெடிக் குப்பையை யார் அள்ளினார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அன்று தொடங்கிச் சில வாரங்கள் இரு பிளாக்குகளுக்கும் இடையே நமஸ்தே சொல்வதும் நின்று போயிற்று. பெருக்கும் தொழிலாளி அந்த வாரம் விடுப்பில் இருந்தார் என்பதே நாம் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்தச் சமாதானம் எத்துணைப் பழையது என்பதை அண்ணலின் வரலாற்றைப் புரட்டியபோது கண்டு நாணினோம்.

போர்பந்தரில் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்த மோகன்தாசரின் வீட்டிற்கு ஊகா என்னும் துப்புரவுத் தொழிலாளி வருவதுண்டு. அவரைத் தொட்டுவிட்டால் பிள்ளை குளித்தாக வேண்டும் என்பது தாயார் புத்லிபாயின் கட்டளை. பள்ளியில் அவ்வாறு தீட்டுப்பட்டு, வீடு வந்து குளிக்க இயலாது போனால், வழியில் போகும் முஸ்லிம் ஒருவரைத் தொட்டுவிட்டால் அந்தத் தீட்டு இந்தத் தீட்டில் கழிந்து போகும் என்று ஒரு குறுக்கு வழியையும் அவ்வம்மையார் சொல்லிக் கொடுத்திருந்தார். கணக்கு எழுதும் நமக்கு இந்தப் பற்றுவரவு வியப்பாகவே இருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவர் தாயிடம் இதுபற்றி வாதாடினார். ஆயினும் தாய் சொல்லைத் தட்டாது குளித்தும் வந்தார். பிற்காலத்தில் இதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, 1893-இல் தென்னாப்பிரிக்கப் பிரயாணம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது ஆகியவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். 1896-க்கு வருவோம். அவ்வாண்டு அவர் தாயகம் வந்திருந்த சமயம் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. ராஜ்கோட்டிலும் அச்சம் மூண்டது. அரசு ஒரு சுகாதாரக் குழுவை அமைக்க, அதில் சேர்ந்து வீடு வீடாகச் சென்று கக்கூஸ்களைப் பார்வையிடும் பணியை இந்தப் பாரிஸ்டர் ஏற்றுக்கொண்டார். ஏழைகள் தடை சொல்லாமல் கதவைத் திறந்தார்கள். சொன்ன திருத்தங்களைச் செய்தார்கள். பெரிய மனிதர் வீடுகளிலோ சிலர் உள்ளே விடவே மறுத்தனர். அவ்வீடுகளின் கழிப்பிடங்களே மிக்க இருளும் நாற்றமும் புழுவும் உடையனவாக இருந்தன. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் சேரியையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, குழுவில் ஒரே ஒருவர்தாம் உடன் வந்தார். அங்கே கழிப்பிடமே கிடையாது, வெட்டவெளிதான். வீட்டினுள்ளோ தரை சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தது; இருந்த சில பாத்திரங்கள் பளபளவென்று துலங்கின. வைணவக் கோயிலான ஹவேலியின் ஒரு மூலையில் எச்சில் இலைகள் மலைபோல் குவிந்து, காக்கையும் பருந்தும் அங்கே குடிகொண்டிருந்தன. சாப்பிட்ட இலையைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டுப் பக்தியோடு வீடு திரும்பும் வழக்கம் குஜராத்துக்கு மட்டும் உரியது அன்று என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1897-இல் டர்பனுக்குத் திரும்பினார். இந்தியர் அழுக்கானவர்கள், ஆகையால் அவர்களுக்கு உரிமை கொடுத்தலாகாது என்று அந்நாட்டு வெள்ளையர் கூறி வந்தனர். பழி மிகையானது என்று வெள்ளையரோடு வாதாடிய அதே மனிதர், அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு என்று தம் மக்களிடம் வந்து சொன்னார். வீடு வீடாகப் போய்த் துப்புரவை வற்புறுத்தினார். சிலர் அவமதித்தனர், பலர் கேட்டும் கேளாதவர் போல் இருந்தனர். உரிமைக்காகக் கூடிய கூட்டம் கடமைக்குக் கூடவில்லை என்பது அவர் கண்ட முதல் கசப்பு.

வீட்டினுள்ளும் ஒரு கசப்பு நேர்ந்தது. டர்பன் இல்லத்தில் அவருடைய குமாஸ்தாக்கள் சிலர் உடன் தங்கியிருந்தனர். அறைகளில் கழிவுநீர் போக வழியில்லை, சட்டிகளே வைக்கப்பட்டிருந்தன. அவரவர் சட்டியை அவரவர் எடுப்பது வழக்கம். புதிதாக வந்த ஒரு குமாஸ்தா பஞ்சமர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். வந்து புதிதாகையால் அவருடைய சட்டியைக் கணவனும் மனைவியுமே எடுக்க வேண்டியதாயிற்று. கஸ்தூரிபா அம்மையார் கண்ணீர் வழிய அதை ஏந்திப் படியிறங்கினார். முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தார், வாக்குவாதம் முற்றியது, அம்மையாரின் கையைப் பற்றி வாயிற்கதவுவரை இழுத்துச் சென்று கதவையும் திறந்துவிட்டார். கடல் கடந்த ஊரில் போக்கிடம் ஏது என்று அந்த அம்மையார் கேட்ட பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது, வெட்கித் தலைகுனிந்தார். இதனை மறைக்காமல் தம் சுயசரிதையில் அவரே எழுதிவைத்தார். தூய்மைத் தொண்டின் வரலாற்றில் இந்த அத்தியாயத்தை விட்டுவிடுவோர் உண்டு, நாம் விடவில்லை. பிறரைக் கட்டாயப்படுத்திச் செய்யும் துப்புரவில் ஏதோ ஓர் அழுக்கு எஞ்சிவிடுகிறது.

1901 டிசம்பரில் கல்கத்தாவில் தீன்ஷா வாச்சாவின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பிரதிநிதியாக வந்த காந்தியடிகள் ரிப்பன் கல்லூரியில் தங்கினார். தமிழர்களாகிய நாம் இங்கே சற்றுக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நம் பக்கத்துப் பிரதிநிதிகளுக்கு அங்கே தனிச் சமையற்கூடம் இருந்தது. பிறர் கண் பட்டாலும் உணவு தீட்டாகிவிடும் என்பதற்காக நாற்புறமும் தட்டியால் மறைத்திருந்தார்கள். சமையல், சாப்பாடு, கைகழுவல் எல்லாம் அந்த மறைப்பினுள்ளேயே புகை சூழ நடந்தன. தேசத்தின் பிரதிநிதிகளே இப்படியானால் அவர்களை அனுப்பிய மக்களின் நிலை என்னவோ என்று அவர் வருந்தினார். கழிப்பிடங்களோ மிகச் சில. அவையும் நிரம்பி நாறின. தொண்டர்களிடம் சொன்னபோது அது தங்கள் வேலை அன்று, அதற்கென்று உள்ளவர் வேலை என்று விடை வந்தது. ஒரு துடைப்பம் மட்டும் கேட்டார்; அதைத் தேடிக்கொண்டு வருவதே பெரும்பாடாயிற்று. தாம் பயன்படுத்தும் கழிப்பிடத்தைத் தாமே சுத்தம் செய்தார். இரவில் சிலர் தாழ்வாரத்தையே கழிப்பிடமாக்கிய கொடுமையும் நடந்தது. மேடையில் தீர்மானங்கள் நிறைவேறின. தாழ்வாரத்தைக் கழுவ ஆள் முன்வரவில்லை.

1904-இல் ஜோகன்னஸ்பர்க் நகரின் கூலி லொகேஷன் என்னும் இந்தியர் குடியிருப்பில் நுரையீரல் பிளேக் கண்டது. நகராட்சி அந்தப் பகுதிக்கு நல்ல சாலையோ விளக்கோ கழிவுநீர் வசதியோ செய்து தந்ததில்லை. பொன் சுரங்கத்தில் வேலை செய்த இந்தியர் 23 பேர் ஒரே மாலையில் நோயோடு வந்து வீழ்ந்தனர். மதன்ஜித் என்பவர் காலியாயிருந்த வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களை அங்கே கிடத்திவிட்டுச் செய்தி அனுப்பினார். காந்தியடிகள் சைக்கிளில் விரைந்து வந்தார். டாக்டர் வில்லியம் காட்ஃப்ரேயும் அடிகளின் அலுவலகத்து இளைஞர் சிலரும் இரவெல்லாம் உடனிருந்தனர். நோயாளிகளுள் பெரும்பாலோர் இறந்தனர். மக்களை வெளியேற்றிக் கூடாரங்களில் குடியமர்த்திய பின் அந்தக் குடியிருப்பு முழுவதும் தீக்கிரையாக்கப்பட்டது. குப்பை என்பது கண்ணுக்கு அருவருப்பான பொருள் மட்டும் அன்று, குடும்பங்களைக் கொண்டுபோகும் பொருள் என்று அவர் கண்டுகொண்டது இங்கேதான்.

இனி டால்ஸ்டாய் பண்ணைக்கு வருவோம். நமது காலனிக்கு மிக நெருங்கிய கதை இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். 1910-ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மானிய யூதரும் கட்டடக் கலைஞருமான காலன்பாக் தமக்குச் சொந்தமான 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு ஒப்படைத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ரயில்வே ஸ்டேஷன் லாலி, பண்ணையிலிருந்து சுமார் ஒரு மைல். பண்ணை வேலையாகப் போவோர் மட்டுமே ரயிலேறலாம், அதுவும் மூன்றாம் வகுப்பில்; சொந்த உல்லாசத்துக்குப் போவோர் நடந்தே போதல் வேண்டும் என்பது விதி. அங்கே குடியேறியவர் யார் யார்? தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், ஹிந்தி பேசுவோர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், பார்ஸிகள். உணவுப் பழக்கமும் தெய்வமும் மொழியும் வேறு வேறு. ஒரே அடுப்பு எரிந்தது. அனைவரும் இசைந்து மரக்கறி உணவே கொண்டனர். ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு பிறரும் நோன்பிருந்தனர்.

வேலைக்காரர் என்று ஒருவரும் அங்கே இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றல் வரை எல்லாம் தம் கையால்தான். அத்தனை பேர் வாழ்ந்தும் பண்ணையில் ஓரிடத்திலும் குப்பையைக் காண இயலாது. அதற்கென வெட்டிய பள்ளங்களில் குப்பை புதைக்கப்பட்டது. வழியில் தண்ணீர் கொட்டலாகாது. கழிவுநீரை வாளிகளில் சேர்த்து மரங்களுக்கு ஊற்றினர். எச்சிலும் காய்கறித் தோலும் எருவாயின. வீட்டருகே ஒன்றரை அடி ஆழத்தில் சதுரக் குழி வெட்டி, மலத்தை அதிலிட்டு, வெட்டிய மண்ணாலேயே மூடிவிடுவர். நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை, நிலத்துக்கு உரமும் ஆயிற்று. பிற்பகலில் பள்ளி. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் காந்தியடிகளே. கப்பலிலும் சிறையிலும் போப்பையர் நூலை வைத்துக்கொண்டு கற்ற தமிழ் அவருடையது. பிள்ளைகள் அவரைவிட நன்றாகத் தமிழ் பேசினார்கள். எழுத்துத்தான் அவர்களுக்குத் தெரியாது. தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளும் இதே நிலையில் இருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டோம். சிரிப்பு உடனே நின்றும் போயிற்று.

1915 ஜனவரியில் தாயகம் திரும்பினார். தாகூரின் சாந்திநிகேதனத்தில் தங்கியபோது, சமையற்காரரும் பணியாளரும் ஓய்வு கொள்ளட்டும், மாணவரும் ஆசிரியருமே எல்லா வேலையும் செய்யட்டும் என்று ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாளை நினைவுகொண்டு அங்கே ஆண்டுதோறும் மாணவரும் ஆசிரியரும் வளாகத்தைத் தாமே துப்புரவு செய்யும் வழக்கம் நிலைத்தது. அதே ஆண்டு ஹரித்துவாரக் கும்பமேளாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டபோது, அவருடைய பீனிக்ஸ் குழுவினர் ஏற்றுக்கொண்ட தொண்டு கழிப்பிடக் குழிகளை மண்ணிட்டு மூடுவது. கங்கையில் மூழ்கிப் புண்ணியம் தேடுவோர் கங்கைக் கரையையே அசுத்தம் செய்வதைக் கண்டு அவர் மனம் நொந்தார்.

1917-இல் சம்பாரண். அவுரி விவசாயிகளின் துயரை விசாரிக்கச் சென்ற இடத்தில் வக்கீல்கள் ஒவ்வொருவரும் தத்தம் சமையற்காரரோடும் பணியாளோடும் வந்திருந்தனர். தனித்தனி அடுப்பு, தனித்தனி நேரம். பணியாட்களை அனுப்பிவிட்டு ஒரே சமையல் என்று மாற்றினார். கிராமங்களில் பள்ளிகள் தொடங்கினார். டாக்டர் தேவும் தொண்டர்களும் தெருக்களைப் பெருக்கினர், கிணறுகளைத் தூர்வாரினர், குட்டைகளைத் தூர்த்தனர். சில ஊர்களில் மக்கள் தாமே முன்வந்து கைகொடுத்தனர். வேறு சில ஊர்களில் ஆள் இல்லை என்று கைவிரித்தனர்.

அதே 1917 செப்டம்பரில் நடந்த ஒரு பிரயாணத்தை ரயில்வே ஊழியராகிய நாம் சொல்லாமல் விட இயலாது. பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பு. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் ராய்ச்சூருக்குப் பின் 35 பேர் அடைபட்டனர். வழி நெடுகிலும் ஒரு முறையேனும் பெட்டி பெருக்கப்படவில்லை; கழிப்பறை கழுவப்படவில்லை; தொட்டியில் தண்ணீரும் இல்லை. இதனை விரிவாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நிர்வாகத்தைக் குறை கூறியதோடு நின்றாரில்லை. கண்ட இடத்தில் துப்பும், கண்டதை எறியும் பிரயாணிகளையும் சேர்த்தே குறை கூறினார். 2019 வாக்கில் நம் பிரயாணிப் பெட்டிகளில் ஏறத்தாழ அனைத்திலும் பயோ டாய்லெட் பொருத்தியாயிற்று. தண்டவாளத்தில் மலம் விழுவது ஒழிந்தது. ஆனால் அந்தக் கழிப்பறைகளில் அடைத்துக்கொண்டிருக்கும் பாட்டிலையும் துணியையும் உள்ளிட்டது நிர்வாகம் அன்று. அவற்றைக் கையால் எடுக்கும் ஊழியரை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

1930-களில் இந்தத் தொண்டே அவர் வாழ்வின் பெரும்பகுதியாயிற்று. 1932-இல் ஹரிஜன சேவக சங்கம் தோன்றியது. தில்லி கிங்ஸ்வே முகாமில் அதன் தலைமையகம் அமைந்தது. அண்ணலும் கஸ்தூரிபாவும் அங்கே வந்து தங்கியதுண்டு. 1933 நவம்பர் முதல் 1934 வரை நாடு முழுவதும் சுற்றினார்; தமிழகத்துக்கும் வந்தார். பிறகு வார்தாவுக்கு அருகிலுள்ள சிந்தி என்னும் கிராமத்தில் மகாதேவ தேசாயும் மீராபென்னும் பிறரும் காலைதோறும் வாளியும் மண்வெட்டியுமாகச் சென்று தெருவில் கிடந்த மலத்தை அள்ளினர். பல மாதம் அள்ளினர். ஊரார் கைகட்டி நின்று பார்த்தார்களேயன்றித் துடைப்பம் எடுத்தவர் மிகச் சிலர். இந்தத் தோல்வியை வாழ்த்துரை நூல்கள் விரைந்து கடந்துவிடும். நமக்கோ இது ஆறுதலாக இருக்கிறது. மகாதேவ தேசாய்க்கே ஆள் சேரவில்லையென்றால் நமது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெலிவதில் வியப்பென்ன?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துப்புரவு உயர்ந்த தொண்டு என்று அண்ணல் போற்றியதை டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஒரு சாதியின் தலையில் பிறப்பால் சுமத்தப்பட்ட தொழிலைப் புனிதம் என்று புகழ்வது அச்சாதியை அதிலேயே கட்டிவைப்பதாகும் என்பது அவர் வாதம். இதில் அம்பேத்கர் பக்கம் வலுவான நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுத்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்த பிறகும் சாக்கடைக் குழியில் இறங்கி இறப்போர் எந்தக் குலத்தவர் என்பதைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர். ஆயினும் அண்ணல் அப்புகழ்ச்சியோடு நில்லாமல் துடைப்பத்தைத் தம் கையிலும் தம் மனைவி மக்கள் கையிலும் கொடுத்தார். அந்த அளவில் அவர் சொல்லுக்குச் செயல் சாட்சியாக நின்றது.

தில்லிக்கு வருவோம். 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் அவர் தலைநகரில் வந்து இறங்கியது துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். அக்காலத்தில் ரீடிங் ரோடு. இன்று மந்திர் மார்க். நம் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் அதே சாலைதான். அவரே 1939-இல் எல்லாச் சாதியினரும் நுழையலாம் என்ற ஏற்பாட்டின்பேரில் திறந்துவைத்த பிர்லா மந்திரும் அதே சாலையில்தான் இருக்கிறது. வால்மீகி கோயிலை ஒட்டிய ஒரு சிறிய அறை அவர் இருப்பிடமாயிற்று. அவர் வருகைக்கென்று அங்கே மின்விளக்கு போட்டார்கள், குடிசைகளைச் சீர் செய்தார்கள் என்று அன்று பார்த்தவர் எழுதியிருக்கின்றனர். பெரியவர் வருகிறார் என்றால் மட்டும் தெருவைப் பெருக்கும் வழக்கம் அன்றும் இருந்தது போலும். 1947 கோடை வரையில் விட்டுவிட்டு இருநூறு நாட்களுக்கு மேல் அங்கே தங்கினார். பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் அங்கே வந்து பேசினார். நேருவும் படேலும் வந்தனர். பேரரசின் முடிவைப் பற்றிய பேச்சு துப்புரவுத் தொழிலாளர் வீட்டு வாயிலில் நடந்தது. குடியிருப்பின் பிள்ளைகளுக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததை அவ்விடத்தார் இன்றும் பெருமையோடு கூறுவர். கோல் மார்க்கெட் குடியிருப்புகளில் இருந்த நம் தமிழ்க் குமாஸ்தாக்கள் மாலைப் பிரார்த்தனைக்கு அங்கே நடந்து போய்வருவார்கள் என்று சங்கத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்தப் பிரார்த்தனையில் கீதையோடு குர்ஆன் வாசகமும் ஓதப்படும். 1947 ஏப்ரல் தொடக்கத்தில் கூட்டத்தில் சிலர் அதனை எதிர்த்தனர். ஒருவர் எதிர்த்தாலும் பிரார்த்தனையை நிறுத்திவிட்டு எழுந்தார். குர்ஆனை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஓத இசையவில்லை. சில நாட்களில் எதிர்த்தவரே அடங்கினர்.

நாடு விடுதலை பெற்று, பிரிந்து, எரிந்துகொண்டிருந்தபோது 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்தவரை ஷாதரா ஸ்டேஷனில் படேல் எதிர்கொண்டார். துப்புரவாளர் குடியிருப்பு அகதிகளால் நிரம்பியிருந்தமையால் இம்முறை பிர்லா மாளிகையில் தங்க வேண்டியதாயிற்று. பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறையிலும் முஸ்லிம்கள். கிங்ஸ்வேயிலும் திவான் ஹாலிலும் பஞ்சாபிலிருந்து ஓடிவந்த இந்துக்களும் சீக்கியரும். எங்கும் சேறும் மலமும் ஈயும். எல்லா முகாம்களுக்கும் போனார். வீடிழந்து, உற்றாரை இழந்து வந்தவர்களிடம் அவர் சொன்ன ஆறுதல் மொழிகளோடு ஒரு கடுமொழியும் இருந்தது: முகாமைத் தாங்களே கூட்டிப் பெருக்க வேண்டும், துப்புரவாளரை எதிர்பார்த்து உட்கார்ந்திருத்தலாகாது என்பதே அது. அன்றைய துயரத்தில் அது பலருக்கு எரிச்சலூட்டியிருக்கும். நம் எதிர் பிளாக்கில் வசிக்கும் முதியவர் ஒருவர், தம் தந்தையார் கிங்ஸ்வே முகாமில் முதலில் செய்த வேலை கழிப்பிடத்துக்குப் பள்ளம் தோண்டியது என்றும், லாகூரில் கடை வைத்திருந்த அவர் அதுவரை மண்வெட்டி பிடித்ததில்லை என்றும் நம்மிடம் சொன்னார். அதை அவர் சொன்னது எங்கே தெரியுமா? நமது பூங்காவின் மூலையில், நாம் இருவரும் எச்சில் தட்டுகளைக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தபோது.

ஆம், சண்டைக்கு நான்காம் ஞாயிறன்று நம்மவர் ஐவர் வெட்கத்தோடு துடைப்பம் எடுத்துக்கொண்டு பூங்காவில் இறங்கினோம். சிறிது நேரம் பால்கனிகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பணிமனையில் வேலை செய்யும் முஸ்லிம் அன்பர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். அடுத்து இந்தப் பஞ்சாபி முதியவர். பின்னர் வங்காளிப் பெண்மணிகள் இருவர். பெருக்கும் தொழிலாளி, தம் வேலையைப் பறித்துக்கொள்ளப் போகிறோமோ என்று முதலில் ஐயுற்றார். டலாவ் எனப்படும் குப்பைக் கொட்டகைவரை தள்ளுவண்டியை எப்படிக் கவிழாமல் கொண்டுபோவது என்று அவர்தாம் நமக்குக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து அது காஜிப்பூர் குப்பை மலைக்குப் போகிறது என்றும் சொன்னார். 2017-இல் அம்மலை சரிந்து இருவர் மாண்டதை நாம் பத்திரிகையில் படித்திருந்தோம். நம் தட்டுகளும் அம்மலையில் இருக்கும் என்று எண்ணியதில்லை. முதல் மாதம் முப்பது பேர் வரை வந்தனர். குளிர் காலத்தில் ஏழெட்டுப் பேராகக் குறைந்தோம். நமஸ்தே மட்டும் குறையவில்லை.

அண்ணலின் கடைசி உண்ணாவிரதம் 1948 ஜனவரி 13-ஆம் நாள் தொடங்கியது. தில்லியின் எல்லாச் சமூகத்தாரும் ஒருவரோடொருவர் அமைதியாக வாழ்வோம் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின் 18-ஆம் நாள் முடிந்தது. 27-ஆம் நாள் மெஹ்ரௌலி தர்காவின் உருஸ் விழாவுக்குச் சென்று வந்தார். 30-ஆம் நாள் மாலைப் பிரார்த்தனைக்கு நடந்து வருகையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2014 அக்டோபர் 2-ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது பிரதமர் துடைப்பம் எடுத்ததும் அந்த வால்மீகி குடியிருப்பில்தான். அவர் தங்கிய அறை அங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. சங்கத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

அவருடைய அஸ்தி 1948 பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லியிலிருந்து தனி ரயிலில் அலகாபாத்துக்குப் புறப்பட்டது. மறுநாள் திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது. அந்த ரயிலுக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டிகளையே தேர்ந்தெடுத்துக் கோத்திருந்தார்கள். அன்று அந்தப் பெட்டிகளை நன்றாகப் பெருக்கிக் கழுவித்தான் விட்டிருப்பார்கள் என்பதில் ரயில்வே ஊழியராகிய நமக்கு ஐயமில்லை.